பச்சைப் புள்ளி

அவன் கைதட்டினான். மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரமே தட்டினான். பொறாமைக்காரனுக்கு இதில் இரண்டு வேலை. தட்டவும் வேண்டும், தட்டுவதை நாலு பேர் பார்த்தார்களா என்று கவனிக்கவும் வேண்டும். ஆய்வுக்கூடத்தின் நடுவில் நின்று பேராசிரியை செய்தியை இரண்டாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தார். அவன் மனைவியின் கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. சிறுநீரகப் புற்றுநோயை ஒரு குழாய் ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லும் கட்டுரை.

"என்ன முனிவரே, சம்சாரத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றான் பக்கத்து மேசைக்காரன். அதிகம் பேசாதவன் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவன் முனிவர்தான்.

"வீட்டுல பேசிக்கிறேன்" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போய், ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடித் தகட்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

அவனை உறுத்திய விஷயம் வெளியே சொல்லக்கூடியது அல்ல. அவள் எதையும் திருடவில்லை. அவனே கொடுத்ததுதான்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் பேசி முடித்தவர்கள். இருவருக்கும் வேலை மைக்ரோஆர்என்ஏவோடு. செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய துண்டு அது. தானாக ஒரு புரதத்தையும் உண்டாக்காது. புரதம் செய்யச் சொல்லிச் செய்தி கொண்டுபோகும் ஆர்என்ஏவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அந்தச் செய்தியின் வாயை அடைத்துவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த தொழில். அடைபட்டது வளர்ச்சியைத் தூண்டும் செய்தியானால் செல் அடங்கிக் கிடக்கும். வளர்ச்சியைத் தடுக்கும் செய்தியானால் செல் பெருகிக்கொண்டே போகும்.

அவன் முதல் வகையை எடுத்துக்கொண்டான். கட்டியை அடக்கும் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் அதற்குக் கடிவாளம் என்று பெயர். சிறுநீரகக் கட்டியின் செல்களில் அது குறைந்துபோயிருந்தது. திரும்ப உள்ளே செலுத்தினால் தட்டில் வளரும் செல்கள் நிதானப்பட்டன. எலிகளிடம் போனபோது ஒன்றும் நடக்கவில்லை. வருஷக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினான். அவன் தேடாத வேறொரு மைக்ரோஆர்என்ஏவின் அளவு கட்டிகளில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இது வேலைக்கு ஆகாது. வேணும்னா நீ வச்சுக்கோ" என்றான். பழைய சட்டையைத் தூக்கிப் போடுவதுபோலத்தான் சொன்னான். அவள் அதை எடுத்து உதறிப் பார்த்தாள். வளர்ச்சியைத் தடுக்கும் மரபணு ஒன்றின் செய்தியை அது அமுக்கி வைக்கிறது என்று காட்டினாள். வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தாள். அடுத்து நோயாளிகளின் ரத்தத்தில் தேடினாள். அங்கேயும் இருந்தது. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் ரத்தத்தில் இல்லை. கட்டுரையில் அவன் பெயரை இரண்டாவதாகப் போட்டாள். முதலில் அவன் பெயரைப் போடலாமா என்றுகூடக் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான்.

இப்படி ஒரு குறையும் சொல்ல இடம் வைக்காதவர்கள் மேல் வரும் பொறாமைதான் ஆளைக் குடைந்து எடுக்கும்.

அவன் படிக்கும் செல்களும் அப்படித்தான். சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலும் ஒரு மரபணு கெட்டுப்போகும். அதன் பிறகு, சுற்றிலும் பிராணவாயு தாராளமாக இருந்தாலும் அந்தச் செல் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றே நம்பும். நம்பி, எனக்கு ரத்தம் கொண்டா, இன்னும் கொண்டா என்று புதுப்புது நாளங்களைத் தன் பக்கம் இழுத்துக் கொழுக்கும். இதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறான். எடுத்தபோது தன் முகம் அதில் தெரியவில்லை.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. அவனுடைய அம்மாவுக்குச் சில வருஷங்களுக்கு முன்பு இதே நோய் வந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து மருமகள் சொல்வதுதான் அவளுக்கு வேதம்.

"டேய், இவ பேரு புத்தகத்துல வருதாமே" என்றாள் அம்மா, அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"என் பேரும்தான் வருதும்மா."

"உன் பேரு எங்க போகும், வரட்டும். கண்ணு, நீ உக்காரு. இன்னைக்கு நான் சமைக்கிறேன்."

"அத்தை, போன தடவை நீங்க சமைச்சதுக்கு இவர் ரெண்டு நாள் மோர் குடிச்சார்" என்றாள் மனைவி. தனியாக இருக்கும்போது நீ, வா, போ. அம்மாவுக்கு முன்னால் மட்டும் அவன் "இவர்".

"அவனுக்கு நாக்கே கிடையாது. பேசவும் மாட்டான், ருசியும் தெரியாது."

இரண்டு பெண்களும் சமையலறையில் சிரித்தார்கள். அவன் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. தன் பழைய மாதிரிகளைத் தேடி அவன் உறைபெட்டியைத் திறந்தான். மேல் தட்டில் மனைவியின் பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றை வெளியே எடுத்து வைக்கும்போது மூடி நகர்ந்தது. உள்ளே நோயாளிகளின் சீரம், சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து கிடந்தது. சீரம் என்றால் ரத்தத்தின் சிவப்பை நீக்கிய தெளிவு. வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும்.

ரோஜா நிறத்தில் இருந்தது.

எல்லாம் இல்லை. சில நன்றாகவே சிவந்திருந்தன, சில லேசாக. நல்ல உடல்நிலைக்காரர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தான். வரிசையாக வெளிர் மஞ்சள்.

அவன் அசையாமல் நின்றான். உறைபெட்டியிலிருந்து குளிர்ப்புகை அவன் கால்மேல் இறங்கியது. சீரம் சிவந்தால் ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். வாய்ப்பூட்டு சிவப்பணுக்களுக்குள்ளேயே மண்டிக் கிடக்கும் ரகம். அணு உடைந்தால் கொட்டும். நோயாளிகளின் ரத்தம் வார்டில் எடுக்கப்பட்டது. கையில் ஏற்கெனவே செருகியிருக்கும் மெல்லிய குழல் வழியாக உறிஞ்சி எடுத்திருப்பார்கள். நல்ல உடல்நிலைக்காரர்களுக்கோ கீழ்த்தளத்தில் இருக்கும் செவிலி அக்கா எடுத்தாள். ஊசி போட்டதே தெரியாது, அப்படி ஒரு கை. மனைவி இந்தக் குழாய்களைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டாள். அடுத்த அறையில் சீரத்திலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து, தண்ணீர்போலத் தெளிவாக்கி, அவள் மேசைக்கு அனுப்பினார்கள். ஆக, அவள் அளந்தது புற்றுநோயை அல்ல, ஊசியின் முரட்டுத்தனத்தை.

சந்தேகத்துக்கு இடம் வைக்கும் ஆள் இல்லை அவன். முதல் வரிசைக் குழாய்களை உருக வைத்து, ஒவ்வொரு சொட்டாகக் கருவியில் வைத்து, எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தான். சிவப்பணுவின் சாயம் அப்பட்டமாகத் தெரிந்தது. குழாய்களை மூடினான். அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உருக்கி உருக்கி உறைய வைத்தால் மாதிரி கெடும் என்பதால், யார் ஒரு குழாயை உருக்கினாலும் அதன் மூடியில் தன் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மனைவிக்கு ஊதா. பேராசிரியைக்குச் சிவப்பு, அவர் குழாயைத் தொட்டே பல வருஷம் ஆனாலும். அவனுக்குப் பச்சை. ஒழுங்கில் அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை. கை தானாகப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. ஒவ்வொரு மூடியிலும் பச்சைப் புள்ளி வைத்து, பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் படியிறங்கினான். தெருமுனையில் திரும்பும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. வீட்டு வாசலில், எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மருத்துவமனையில் ஒரு கூட்டம் வரப்போகிறது. அறுவை முடிந்த நோயாளிகளுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவர்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மனைவி மேடையில் பேசுவாள். பேசி முடித்ததும் கேள்வி நேரம். அவன் எழுந்து, குரலை உயர்த்தாமல், "சீரத்தோட நிறத்தை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்பான். வாக்கியம் அவனுக்குப் பிடித்துப்போனது. குளிக்கும்போதும் பேருந்திலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். முன்பெல்லாம் அவன் மௌனத்தில் ஒன்றும் இருக்காது, வெறும் அமைதி. இப்போது அதற்குள் ஒரு பண்டம் இருந்தது. நாக்கடியில் மிட்டாயை ஒதுக்கி வைத்த பிள்ளை மாதிரி நடமாடினான்.

அந்த நாட்களில் அம்மா வழக்கமான சோதனைக்காக மருத்துவமனைக்குப் போனாள். மருமகளின் ஆராய்ச்சிக்குத் தன் ரத்தத்தையும் கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்து, வார்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"கையப் பாருடா, சல்லடையாக்கிட்டாங்க" என்று புடவையை விலக்கிக் காட்டினாள். முழங்கை மடிப்பில் நீலம் பாரித்திருந்தது. "நரம்பு கிடைக்கலையாம். அந்தப் பொண்ணு பொக்கிஷம் தோண்டுற மாதிரி தோண்டுது."

அவனுக்கு ஒரு கணம் அந்த ரோஜா நிறம் நினைவுக்கு வந்தது. அந்தக் கணத்தை நகர்ந்து போகவிட்டான்.

அதன் பிறகு வீட்டில் ஏதோ மாறியது. மனைவி பேச்சைக் குறைத்தாள். அவன் உள்ளே வந்தால் சமையலறையில் இரண்டு குரல்களும் நின்றன. ஒரு நாள் இருவரும் சொல்லாமல் வெளியே போய், "சும்மா கடைக்கு" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அவனுக்கு உள்ளே புகைந்தது. பெரிய ஆளாகிவிட்டாள், இனி புருஷனோடு பேச என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. இன்னொன்று அதைவிடக் கசந்தது. 'உன் பெருமையை அவன் முன்னால பேசாத கண்ணு, அவனுக்கு மனசு வலிக்கும்' என்று அம்மா அவளிடம் சொல்லியிருப்பாளோ? பெற்றவளே தன்மேல் இரக்கப்படுகிறாள் என்ற எண்ணம் வந்த பிறகு அவன் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகத் தீட்டி வைத்தான்.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை. அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை வெகுநேரமாகத் தேய்த்தாள்.

"புதன்கிழமை நான் பேசல. எனக்குப் பதிலா நீ பேசிடு" என்றாள் திரும்பாமல்.

"ஏன்?"

"சொன்னா உடைஞ்சு போயிட மாட்டியே?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"அத்தையோட ரத்தத்தைக் கருவியில தனியா ஓட்டிப் பார்த்தேன். விதிப்படி பார்க்கக் கூடாது. என் ரத்தம் என்ன சொல்லுது, என்ன சொல்லுதுன்னு தினம் கேட்டாங்க, அதனால பார்த்தேன். வாய்ப்பூட்டு அவ்வளவு ஏறியிருக்கு. மறுபடி ஓட்டினேன். அப்பவும் அப்படியேதான். திரும்பி வந்துடுச்சு போல." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "திங்கக்கிழமை ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கேன். ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் அத்தைன்னுதான் சொன்னேன், அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க. உன்கிட்ட மட்டும் சொல்லாதேன்னாங்க, தாங்க மாட்டானாம். இதை மனசுல வச்சுக்கிட்டு மேடையில நின்னு, என் பரிசோதனை அருமையா வேலை செய்யுதுன்னு எப்படிப் பேசுவேன்?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பல வாரமாக வாயில் ஒதுக்கியிருந்தது ஒரு நொடியில் கசந்துபோயிற்று.

"என்ன நிறம்?" என்றான்.

"என்னது?"

"அம்மாவோட சீரம். குழாயில என்ன நிறத்துல இருக்கு?"

"நான் எங்க பார்த்தேன்? எனக்கு ஆர்என்ஏதானே வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "கிளம்பு" என்றாள்.

இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். உறைபெட்டியை அவள்தான் திறந்தாள். பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல ரோஜா நிறம்.

"உடைஞ்ச ரத்தம்" என்றாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "கடவுளே, இது வெறும் உடைஞ்ச ரத்தம். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஸ்கேன் எடுக்கணும், கண்டிப்பா எடுக்கணும், ஆனா..."

பேச்சு நின்றது. அவள் பார்வை பெட்டிக்குத் திரும்பியிருந்தது. மற்றக் குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். தன் கட்டுரை கண்ணெதிரே கரைவதைப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் முகம் கறுத்தது அதனால் அல்ல. முதல் வரிசைக்கு வந்ததும் குழாயைச் சாய்த்து மூடியைப் பார்த்தாள்.

"பச்சை" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"பச்சை உன்னோடது."

"ம்."

"எப்போ?"

"உன் கட்டுரைக்குக் கைதட்டினோமே, அதுக்கு அடுத்த ஞாயிறு."

மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்போ அத்தை ரத்தம் கொடுத்ததுக்கு முன்னாடியே."

"முன்னாடிதான்."

"எங்க சொல்லலாம்னு இருந்தீங்க?"

அந்த 'நீங்க' அவனைச் சுட்டது. அங்கே அம்மா இல்லை, அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள்.

"புதன்கிழமை. கேள்வி நேரத்துல."

சோதனையின் முடிவு கைக்கு வந்துவிட்டதுபோல அவள் தலையாட்டினாள். "நல்ல கேள்வி" என்றாள். குழாய்களை அடுக்கி உறைபெட்டியை மூடினாள். திரும்பும்போது அவள் வேறு பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "ஒத்தைச் சிறுநீரகம் ஜம்முனு இருக்காம்" என்று அம்மா வாசலிலிருந்தே அறிவித்தாள். உள்ளே யாரும் குதிக்கவில்லை. மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன இது, வீடா நூலகமா? எனக்கு நோய் வரலைன்னு துக்கமா?"

"தலைவலி அத்தை" என்றாள் மருமகள். அதற்கு மேல் அவள் எதையும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். சொல்லாமல் இருந்தாள். மௌனத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவன் அந்த இரண்டு நாளில் அவளுடைய மௌனத்தின் கீழ் உட்கார்ந்து பார்த்தான். தனக்கென்று எதையும் ஒளிக்காத மௌனம் அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

புதன்கிழமை அவள் தானே மேடையேறினாள். முதல் படத்திலேயே குழாய்கள். ஒரு வரிசை மஞ்சள், ஒரு வரிசை ரோஜா. பக்கவாட்டில் எடுத்த படம், மூடிகள் தெரியவில்லை. "நான் உங்ககிட்ட ஒரு பரிசோதனையைக் கொடுக்க வந்திருக்கணும். அதுக்குப் பதிலா அதைத் திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள். கட்டியின் திசுக்களில் கண்டது நிற்கிறது, ரத்தத்தில் கண்டது நிற்கவில்லை. ரத்தம் எடுக்கும் முறையைச் சரிசெய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதழுக்கும் எழுதியாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். நரைத்த அறுவை மருத்துவர்கள் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள். "இதுக்குத் துணிச்சல் வேணும்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அவன் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி எழுந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெயித்தபோதும் கைதட்டல் அவளுக்கு, தோற்றபோதும் அவளுக்கா? மானம் கெட்ட மனசு, இதற்கும் பொருமியது.

"கடைசியா ஒண்ணு" என்றாள் அவள். "சீரத்தோட நிறத்தை முதல்ல கவனிச்சது நான் இல்ல. அந்தப் பெருமை என் கணவருக்கு. அங்க உக்காந்திருக்கார். கேள்விகளை அவர்கிட்டயே கேக்கலாம்."

தலைகள் திரும்பின. கைதட்டல் எழுந்தது. இத்தனை வருஷமாக அவன் ஏங்கியது அது. பலத்த, மனமார்ந்த கைதட்டல், அவனுக்கே அவனுக்கு. உடம்பெல்லாம் கூசியது. அவள் பழி வாங்குகிறாளா, உள்ளதை உள்ளபடி சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினான். அவள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள். முன் வரிசையிலிருந்து பேராசிரியை சந்தோஷமாகத் திரும்பினார். "பலே முனிவரே! எப்ப கவனிச்சீங்க? ராத்திரி பகலா ரெண்டு பேரும் தேடியிருப்பீங்க."

சிரித்துவிட்டு, போன வாரம் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். மூடிகள் தெரியாத படத்தைப் போட்டபோதே அது அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் நின்றான். அரங்கில் இருமல்கூட அடங்கும் அளவுக்கு நின்றான்.

"கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கன்னு ஆய்வுக்கூடத்துல கைதட்டினோமே மேடம், அதுக்கு அடுத்த ஞாயிறு" என்றான். "அளந்து உறுதியும் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

பேராசிரியையின் புன்னகை முகத்தில் இருந்தபடியே அர்த்தம் இழந்தது. "சொல்லலைன்னா? ஏன்?"

மேடையில் மனைவி நிமிர்ந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருவர் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.